கொட்டிலுக்குப் போகாத காலை



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒருவர் எழுதி, அவரே வந்து பேசுவதுதான் வழக்கம். இந்த உரையை எங்கள் அரங்கின் பெண்கள் மூன்று பேர் சேர்ந்து எழுதினோம். ஒருத்தி நின்று வாசிக்கிறாள், அவ்வளவுதான். அதனால் இதில் 'நான்' வராது. 'நாங்கள்' என்று சொல்லும்போது சில இடங்களில் எங்கள் மூவரையும் சொல்கிறோம், சில இடங்களில் எங்கள் அம்மாக்களையும் பாட்டிமார்களையும் சொல்கிறோம், சில இடங்களில் சேரி முழுவதையும் சொல்கிறோம். எந்த இடத்தில் யார் என்பது கேட்கிற உங்களுக்கே தெரிந்துவிடும்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரின் நினைவாகக் கூடியிருக்கிறோம். அவர்களில் பெரும்பகுதி பெண்களும் குழந்தைகளும். ஒவ்வொரு ஆண்டும் அந்த இரவைப் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். இந்த முறை அந்த இரவுக்குச் சுமார் 25 ஆண்டு முன்னால் போகலாம் என்று நினைத்தோம். வெண்மணிப் பெண்கள் கூலியை உயர்த்திக் கேட்ட கூட்டத்தில் இருந்தவர்கள். அவர்களுடைய அம்மாக்கள் கூலி கேட்கக்கூட முடியாதவர்கள். கேட்பதற்கு அவர்கள் பேரில் ஒரு கணக்கே இல்லை. ஒரு தலைமுறைக்குள் இது எப்படி மாறியது? அந்த இடைவெளியின் நடுவில் ஒரு உலகப் போர் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

இரண்டாம் உலகப் போர் பெண்களின் வேலையை மாற்றியது என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள், பெண்கள் தொழிற்சாலைக்கு வந்தார்கள், போர் முடிந்ததும் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தில் 'பெண்கள் நிலப்படை' என்று ஒன்று 1939-இல் திரட்டப்பட்டது. நகரத்துப் பெண்களுக்குச் சீருடையும் காலணியும் கொடுத்து வயல்வேலைக்கு அனுப்பினார்கள். 1944 வாக்கில் 80,000 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். சுவரெல்லாம் படம் ஒட்டி, வாருங்கள் வாருங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வயலுக்கு வரச் சொல்லி எங்களை யாரும் அப்படி அழைத்ததில்லை. விடிவதற்கு முன் தெருமுனையில் தலையாரி ஒரு சத்தம் கொடுப்பான். சீருடை இருக்கட்டும், ரவிக்கை போட்டுக்கொண்டு மிராசுதார் கண்ணில் படக் கூடாது என்பது வழக்கமாக இருந்த நாடு இது. ஆனால் அந்த இங்கிலாந்துப் பெண்களிடமும் ஒரு விஷயம் நம்முடையது போலவே இருக்கிறது. தொடக்கத்தில் அவர்களுக்கு வாரக் கூலி 28 ஷில்லிங். அதே பண்ணையில் ஆணுக்கு 38. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போருக்கு முன்னால் எங்கள் பாட்டிமார்களுடைய ஒரு நாள் எப்படி இருந்தது? பண்ணையாள் என்பவன் ஆண்டையிடம் ஆண்டுக் கணக்கில் கட்டுப்பட்டவன். கல்யாணத்துக்கு வாங்கிய கடன், அப்பன் காலத்துக் கடன், ஏதோ ஒன்று கழுத்தில் கிடக்கும். குடியிருக்கிற மனைக்கட்டும் ஆண்டையுடையது. அவன் கட்டுப்பட்டால் அவன் பெண்டாட்டியும் கட்டுப்பட்டவள். அவளிடம் யாரும் தனியாகப் பேசி வேலைக்கு அமர்த்தவில்லை. ஏர், வடம், மாடு என்பதோடு அவளும் சேர்த்தி. விடியற்காலை இருட்டில் ஆண்டை வீட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போக வேண்டும். சாணி அள்ளி, மூத்திரம் வழித்து, குப்பைக் குழியில் கொட்டி, கொட்டிலைக் கூட்டிவிட வேண்டும். இதற்குக் கூலி கிடையாது. சில வீடுகளில் முந்தின நாள் சோறு கொடுப்பார்கள், அதையும் புழக்கடையில், கைக்கு எட்டாமல். பிறகு நடவுக் காலத்தில் நடவு, அது முடிந்தால் களை, அறுப்புக் காலத்தில் அறுப்பு. களத்துமேட்டில் தூற்றல். வேலை இல்லாத நாளில் நெல் குத்தக் கூப்பிடுவார்கள். பிள்ளை பெற்ற எத்தனையாம் நாள் கொட்டிலுக்கு வர வேண்டும் என்பதைக்கூட ஆண்டை வீடுதான் சொல்லும்.

நடவுக்கும் அறுப்புக்கும் நெல் அளந்தார்கள், உண்மைதான். அந்த நெல் புருஷன் துண்டில் விழுந்தது. அளந்த மரக்கால் எது என்பது தனிக்கதை. குத்தகை நெல்லை வாங்கிப்போட ஒரு மரக்கால், கூலி நெல்லை அளந்துபோட இன்னொரு மரக்கால் என்று ஒரே பத்தாயத்தின் பக்கத்தில் இரண்டு இருந்த வீடுகளைப் பற்றி எங்கள் பக்கம் எல்லாத் தெருவிலும் சொல்வார்கள். இரண்டுக்கும் பேர் மரக்கால்தான்.

இந்த நிலையில்தான் போர் வந்தது. குண்டு எதுவும் நம் வயலில் விழவில்லை. நம்மைத் தாக்கியது நெல்லின் விலை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் கையில் விழுந்தன. பர்மாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அடுத்த ஆண்டு வங்கத்தில் பஞ்சம். சென்னையில் ரேஷன். தஞ்சாவூர் ஜில்லா மிகைவிளைச்சல் ஜில்லா என்பதால் இங்கிருந்து நெல் கொள்முதல் செய்து, பற்றாக்குறைப் பகுதிகளுக்கு அனுப்பினார்கள். அன்றைய தஞ்சாவூர் ஜில்லா என்றால் இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் சேர்ந்தது. களத்தில் கிடந்த நெல் ஒரே ஆண்டில் வேறு பொருளாகிவிட்டது. கூலியாக அளக்கிற ஒவ்வொரு படியும் சந்தையில் என்ன விலை போகும் என்று மிராசுதாருக்குக் கணக்குத் தெரியும். அளக்கிற கை இன்னும் இறுகியது. மண்ணெண்ணெய், துணி எதுவும் கிடைக்காத காலத்தில் எங்களுக்கும் கையில் இருந்த ஒரே காசு அந்த நெல்தான். அளவில் ஒரு பிடி குறைந்தால் ஒரு வேளை கஞ்சி போயிற்று. மரக்காலைப் பற்றிய பேச்சு ஏன் சரியாக அந்த ஆண்டுகளில் சண்டையாக மாறியது என்பதற்கு இதுதான் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். தலைவர்கள் வந்ததால் மட்டும் அது நடந்துவிடவில்லை. வந்தவர்கள் சொன்னதைக் கேட்க வயிறு தயாராக இருந்தது.

1943-இல் பி. சீனிவாசராவ் தென் கன்னடத்திலிருந்து இங்கே வந்தார். தமிழே சரியாகப் பேச வராத மனிதர், சேரியில் தங்கி, சேரியில் சாப்பிட்டார். தென்பரையில் செங்கொடி ஏறியது. அடுத்த ஆண்டு களப்பாளிலும் மன்னார்குடியிலும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. சவுக்கடி கிடையாது, சாணிப்பால் புகட்டுவது கிடையாது என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்தானது. முத்திரை மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்ற கோரிக்கை ஊர் ஊராகப் போனது. களப்பாள் குப்பு நம் தெருவில் பிறந்து அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர். 1948-இல் திருச்சி சிறையில் இறந்தார். இதெல்லாம் இந்த அவையில் பலமுறை பேசப்பட்டவை. நாங்கள் நீட்டப்போவதில்லை.

ஆனால் சவுக்கும் சாணிப்பாலும் நின்றதைச் சொல்கிறவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எங்கள் பாட்டிமார்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். ஒரு நாள் காலையில் கொட்டிலுக்குப் போகவில்லை. அவ்வளவுதான் சேதி. எந்தத் தேதி என்று அவர்களுக்குத் தெரியாது. சம்பா அறுப்புக்கு முன்னால் என்பார்கள், தை பிறந்து என்பார்கள். தெருவில் பெண்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு அன்று எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவில்லை என்றால் தூங்கினார்கள் என்று அர்த்தமில்லை. பழக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது. பாயிலேயே உட்கார்ந்து, இருட்டில், தலையாரி வருகிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்களாம். வெளுத்த பிறகு அவரவர் வாசலைக் கூட்டினார்கள். தன் வீட்டு வாசலை வெளிச்சத்தில் கூட்டுவது அவர்களில் சிலருக்கு வயதுவந்த பிறகு அதுதான் முதல் தடவை. ஆண்டை வீட்டுக் கொட்டிலில் அன்றைக்குச் சாணி கிடந்தது. மறுநாளும் கிடந்தது. பிறகு ஆள்விட்டுப் பேசினார்கள். வரலாம், என்ன கூலி என்று கேட்டார்கள் பெண்கள். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு உலகப் போர் தேவைப்பட்டிருக்கிறது.

இதை நாங்கள் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் பண்ணையாள் பேர் இருந்தது, பண்ணையாள் பெண்டாட்டி பேர் இல்லை. அவன் கட்டு தளர்ந்தபோது அவளுடையதும் தளரும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். தானாகத் தளரவில்லை. அவள் போகாமல் இருந்து காட்ட வேண்டியிருந்தது.

பேர் என்று சொன்னதும் கடலுக்கு அப்பால் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போன காலம் அது. நம் சேரிகளிலிருந்து கங்காணி பிடித்துப்போன குடும்பங்கள் எத்தனையோ. மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பெண்கள் பால்மரம் வெட்டினார்கள். கொடுமைக்கு அங்கேயும் குறைவில்லை. அட்டை, மலேரியா, கிராணி, சாராயக் கடை. ஆனால் ஒரு வித்தியாசம். காலையில் பெரட்டுக்கு நின்றால் செக்ரோலில் அவள் பேரைக் கூப்பிடுவார்கள். புருஷன் பேர் ஒரு வரி, அவள் பேர் இன்னொரு வரி. சம்பளம் அவள் பேருக்கு விழும். 1920-களின் கடைசியில் அங்கே நிர்ணயித்த கூலி பெரும்பாலான தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இங்கிலாந்தின் 38-க்கும் 28-க்கும் தம்பி தங்கை இது. இருந்தாலும் அந்த 40 காசு அவள் பேரில் எழுதிய 40 காசு.

ஜப்பான் ஆட்சியில் தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துப்போனார்கள். போனவர்களில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. மிஞ்சிய பெண்கள் ரப்பருக்கு விலையில்லாத தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு போட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். 1943-இல் சிங்கப்பூரில் டாக்டர் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். போர் முடிந்ததும் தொழிற்சங்கங்கள் எழுந்தன. தம்பிக்கோட்டையிலிருந்து போன எஸ்.ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தலைவராகி, 1949 மே மாதம் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். வாட்டாக்குடி இரணியன் ஊர் திரும்பி வந்து, 1950-இல் இங்கே சுட்டுக்கொல்லப்பட்டார். இவர்கள் கொண்டுவந்ததை வரலாறு எழுதியிருக்கிறது. கூடவே கப்பலிறங்கிய பெண்கள் என்ன கொண்டுவந்தார்கள்? ஒரு தகரப்பெட்டி, இரண்டு கைலி, அப்புறம் 'என் சம்பளம்' என்ற சொல். எங்களில் ஒருத்தியின் பெரியபாட்டி அப்படித் திரும்பியவர். நடவுக்கு வந்த முதல் நாள் கூலி அளக்கும்போது புருஷன் துண்டை விரிக்க, இவர் தன் முந்தானையைத் தனியாக விரித்தாராம். கணக்குப்பிள்ளை சிரித்திருக்கிறார். நம் தெருக்காரர்களும் சிரித்திருக்கிறார்கள். அதை வீட்டில் இன்றும் ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் அண்ணலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பு அவரிடம் இருந்தது. போருக்கு நிலக்கரி போதவில்லை என்று, சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்கக் கூடாது என்ற தடையை அரசு 1943-இல் தளர்த்தியது. இறங்கியவர்கள் யார்? பழங்குடிப் பெண்களும் நம் பெண்களும்தான். அந்த முடிவை எதிர்த்தவர்களுக்குச் சட்டசபையில் 1944 பிப்ரவரியில் அம்பேத்கர் பதில் சொன்னபோது, ஆணுக்குக் கொடுக்கும் அதே கூலி பெண்ணுக்கும் கொடுக்கப்படும் என்பதையும், ஒரு தொழிலில் இந்தக் கொள்கை இங்கே நிலைநாட்டப்படுவது இதுவே முதல்முறை என்பதையும் எடுத்துச் சொன்னார். போர் முடிந்ததும் 1946-இல் தடை திரும்பி வந்தது. அந்தத் தளர்வு சரியா தவறா என்பதில் எங்கள் மூவருக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பூமிக்குள் இறங்குவதற்குச் சம கூலி என்பது என்ன நியாயம் என்று ஒருத்தி கேட்கிறாள். ஆனால் சம கூலி என்ற சொல்லை அரசாங்கத்தின் வாயில் வைத்தவர் நம் ஆள் என்பதும், குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946-இல் அவர்தான் கொண்டுவந்தார் என்பதும் நாம் மறக்கக் கூடாதவை. அது 1948-இல் சட்டமானபோது அட்டவணையில் விவசாயமும் இருந்தது. அட்டவணையில் இருப்பதற்கும் களத்தில் அளப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1948 முதல் மூன்று நான்கு ஆண்டுகள் கட்சிக்குத் தடை. ஊருக்குள் போலீஸ் முகாம். ஆண்கள் சிறையில், அல்லது சவுக்குத் தோப்பில், அல்லது அலையாத்திக் காட்டில். அந்த ஆண்டுகளில் சேரியை நடத்தியவர்கள் பெண்கள். சோறு கொண்டுபோனது, சேதி கொண்டுபோனது, அடி வாங்கியது, வயலுக்கும் போனது. மணலூர் மணியம்மையை இங்கே நன்றியோடு நினைக்கிறோம். அக்ரகாரத்து விதவை, தலைமுடியைக் கத்தரித்து, வேட்டி கட்டி, சிலம்பம் கற்று, நம் தெருக்களில் வந்து நின்றார். 1953-இல் அவர் இறந்தார். ராஜம் கிருஷ்ணன் அவரைப் பற்றி ஒரு நாவலே எழுதினார். அவருக்குக் குறைவாகச் சொல்லவில்லை. அவர் கூடவே நடந்த நம் பெண்களில் ஒரு பத்துப் பேரின் பேரை இந்த அவையில் யாராவது சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்கிறோம். எங்களால் முடியவில்லை.

1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது விரட்டக் கூடாது என்றது. மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாள் வைத்துக்கொள்வதையே குறைத்துவிட்டார்கள். இனி அன்றாடக் கூலி. வந்தால் கூலி, வராவிட்டால் ஒன்றுமில்லை. வேலை இருந்தால் கூப்பிடுவோம். சட்டம் பாதுகாக்க வந்த உறவே சட்டத்தின் பேரால் கரைந்தது. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. ஆணின் பக்கமிருந்து பார்த்தால் பாதி சரி. ஆண்டு முழுதும் அரைவயிறாவது நிச்சயம் என்ற நிலை போய்விட்டது. பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. அன்றாடக் கூலி என்றால் ஆளுக்கு ஒரு கூலி. அவள் ஒரு ஆளானாள். நடவுக்குப் பத்துப் பெண்கள் வேண்டுமென்றால் பத்துப் பேரையும் தெருவுக்கு வந்து கூப்பிட வேண்டும். கொட்டில் வேலைக்குத் தனிச் சம்பளம் பேச வேண்டும். புருஷன் ஒரு பண்ணைக்குப் போனால் இவள் வேறொரு நிலத்துக்குப் போகலாம்.

அதே நேரத்தில் ஒரு வேலை கையைவிட்டுப் போயிற்று. அதைப் பற்றி யாரும் அழவில்லை என்பதால் பதிவாகவும் இல்லை. நெல் குத்துதல். உரல், உலக்கை, முறம் இருந்தால் மழைக்காலத்திலும் வேலை உண்டு. தவிடும் நொய்யும் வீட்டுக்கு வரும். ஆடி மாதத்து நொய்க்கஞ்சி அந்த உலக்கையிலிருந்துதான் வந்தது. அரவை மில்கள் போருக்கு முன்பே ஆங்காங்கே இருந்தன. போர்க்காலக் கொள்முதலும் ரேஷனும் வந்தபின் மூட்டை மூட்டையாக ஓரிடத்தில் அரைக்க வேண்டியிருந்தது. உலக்கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. கைக்குத்தலைக் காப்பாற்ற என்று 1958-இல் அரவை ஆலை ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குள் மில்லின் ஊதல் கேட்காத ஊர் குறைந்துவிட்டது. உலக்கை போனது நல்லதா? தோள்பட்டையைக் கேட்டால் நல்லது. மழைக்காலத்துப் பானையைக் கேட்டால் வேறு பதில். மில்லிலும் நம் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். களத்தில் நெல் காயவைக்க, கிளற, கூட்டியள்ள. இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஆண்கள்.

இனி நடவுக்கு வருவோம். எங்களுக்குப் பிடித்த பகுதி இதுதான். நாற்றுப் பறிப்பது ஆண் வேலை, நடுவது பெண் வேலை. நாள் முழுதும் குனிந்து, பின்னால் பின்னால் நகர்ந்து, கால்விரலுக்கு முன்னால் ஒவ்வொரு முதலாக ஊன்ற வேண்டும். சம்பா ஒருபோக நிலத்தில் இது ஆண்டுக்கு ஒருமுறை. 1960-இல் தஞ்சாவூர் ஜில்லாவைத் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. சுமார் 105 நாளில் குறுவை அறுத்துவிட்டு, உடனே தாளடி நடலாம். இருபோகம் பரவியது. இருபோகம் என்றால் இரண்டு நடவு, இரண்டு களை, இரண்டு அறுப்பு. அதோடு புரட்டாசி, ஐப்பசியில் ஒரு பக்கம் குறுவை அறுப்பு, மறுபக்கம் தாளடி நடவு, மேலே அடைமழைக்கு மேகம் கட்டி நிற்கும். நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது. அறுத்த வயலில் கதிர் நனைகிறது. அந்தப் பத்துப் பதினைந்து நாளில் ஒரு தெருப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டால் மிராசுதாருக்கு இரண்டு போகமும் போச்சு. பேரம் பேசும் பலம் முதன்முதலாகக் குனிந்து நடுகிற கைகளுக்கு வந்தது. 1967-க்கும் 1968-க்கும் நடுவில் கூலிப் போராட்டங்கள் கீழத்தஞ்சையில் இவ்வளவு கூர்மையானதற்குச் சங்கமும் காரணம், இந்த நாற்றங்கால் கணக்கும் காரணம். வெண்மணியில் கேட்டது அரைப்படி நெல். அந்த அரைப்படிக்குப் பின்னால் 25 ஆண்டுகளாக நிமிர்ந்துகொண்டிருந்த முதுகுகள் இருந்தன. அதைத்தான் எரித்தார்கள். 1973-இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தபோது, கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் நடந்துபோய் இப்படிச் செய்திருப்பார்களா என்ற தொனியில் எழுதப்பட்டது. நடந்துபோகிறவர்கள் யார் என்பதில் நீதிமன்றத்துக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான ஒன்று. இதை நம் மேடையில் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது? களப்பாளிலிருந்து 1969 நியாயக் கூலிச் சட்டம் வரை, எத்தனையோ பேச்சுவார்த்தை நடந்தது. மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் நம் ஆண்கள். ஆண் கூலி ஒன்று, பெண் கூலி அதைவிடக் குறைந்த ஒன்று என்பதில் இரு பக்கமும் பெரிதாகச் சண்டையிட்டதாக நாங்கள் கேள்விப்படவில்லை. நடவு கஷ்டமா நாற்றுப்பறி கஷ்டமா என்று யாரும் முதுகை அளந்து பார்க்கவில்லை. பெண் கூலி குறைவு என்பதை மழை மேலிருந்து விழும் என்பதுபோல எடுத்துக்கொண்டார்கள். இந்தியா 1958-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சம ஊதிய உடன்படிக்கையை ஏற்றது. 1976-இல் சம ஊதியச் சட்டம் இயற்றியது. அதற்குப் பிறகும் எங்கள் அம்மாக்கள் அதே வரப்பில் அதே குறைந்த கூலியைத்தான் வாங்கினார்கள். எங்களில் ஒருத்தி கல்லூரி விடுமுறையில் களையெடுக்கப் போனபோது, நிலத்துக்காரர் பையன்களுக்கு ஒரு தொகையும் இவளுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலும் கொடுத்தார். கேட்டதற்கு, பொம்பளக் கூலி அவ்வளவுதானேம்மா என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று எங்கள் ஊர்களில் பெண்கள் கையில் வாங்கிப் பார்த்தது 2006-க்குப் பிறகு, நூறு நாள் வேலையில். நாகப்பட்டினம் மாவட்டம் முதல் கட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. மண்வெட்டுகிற இடத்தில் வருகைப் பதிவேட்டில் அவள் பேர். அட்டையில் அவள் படம். வங்கிக் கணக்கில் அவள் பணம். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் மிகப்பெரும்பான்மையோர் பெண்கள். ஏன் வந்தார்கள் என்று வியந்தவர்கள், நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று பொருமியவர்கள், பத்திரிகைகளில் நிறைய எழுதினார்கள். ஆள் கிடைக்கவில்லை என்பதை வரப்பில் நின்றுகொண்டு முதன்முதலில் சொன்னவன் யார், எந்த ஆண்டு என்று தேடினால் 1940-களுக்குத்தான் போய்ச் சேருவீர்கள். பல்லவி ஒன்றுதான்.

இப்போது அறுப்பை இயந்திரம் எடுத்துக்கொண்டது. நடவில் பாதியை நடவு இயந்திரமும், மீதியில் ஒரு பங்கை மேற்கு வங்கத்திலிருந்து கூட்டமாக வருகிற தம்பிகளும் எடுத்துக்கொள்கிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, ஒரே நாளில் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். பெண்கள் செய்தபோது குறைந்த கூலி வேலையாக இருந்த நடவு ஆண்கள் கைக்குப் போனதும் ஒப்பந்த வேலையானது. அந்தப் பிள்ளைகள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. 1943 பஞ்சத்தில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களில் எத்தனை பேரோ. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் திருப்பூர் பக்கம், கோயம்புத்தூர் பக்கம் மில்லுக்கும் தையல் கம்பெனிக்கும் போயிருக்கிறார்கள். அது இன்னொரு சொற்பொழிவு.

இந்த உரையை எழுத உட்கார்ந்தபோது எங்களுக்குக் கிடைத்த புத்தகங்களில் தலைவர்கள் இருந்தார்கள், ஒப்பந்தங்கள் இருந்தன, நெல் ரகத்துக்குக்கூட எண் இருந்தது. காத்லீன் கௌ 1951-இல் வந்து நம் கிராமங்களில் தங்கி, பண்ணையாள் முறையை எழுதினார். ஊர்களுக்கே புனைபெயர் வைத்துவிட்டார், ஆட்களுக்கு எங்கே போவது. கொட்டிலுக்குப் போகாத காலையில் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அன்றைக்குப் பதினைந்து வயதாக இருந்தவர்கள் இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது கேட்காது. ஆனால் கூட நட்ட பெண்களின் பேரை வரிசையாக, வரப்பில் நின்ற வரிசையிலேயே சொல்கிறார்.

அரங்கின் வாசலில் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் பாட்டி பேர், அவருடைய அம்மா பேர், ஊர், எந்தப் பண்ணை, மலாயா போனவரா, எப்போது கொட்டில் வேலையை விட்டார், தெரிந்ததை எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாக்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். முதல் பக்கத்தில் எங்கள் பெரியபாட்டியின் பேரை எழுதிவிட்டோம். புருஷன் பேர் போடுவதற்கு அந்த நோட்டில் கட்டம் இல்லை.